சட்டைப் பையில் இருந்த பீஸ் கட்டை

1

போன மாதம் இங்கே எதிர்பாராத பனி. குளிர்காலம் முடிந்து, மாடுகள் கன்று போட ஆரம்பித்த பிறகு வந்த பனி அது. கம்பிகளில் ஈரப்பனி அப்பி, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. நியூசிலாந்தின் தென்தீவில் நான் வேலை பார்க்கும் பால்பண்ணைக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை. வேடசந்தூர் பக்கத்தில் பிறந்தவனுக்கு இதெல்லாம் ஒரு சமாச்சாரமா என்று ஊரில் இருந்து வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். ஐந்நூறு மாடுகளை மெஷினில் கறக்கும் இடத்தில் அது பெரிய சமாச்சாரம்தான். மடி கட்டிய மாடு போடும் சத்தத்தை ஒரு முறை கேட்டால் மறக்க முடியாது.

அதனால் டிராக்டரைக் கொட்டகைக்கு வெளியே, புகை உள்ளே வராத பக்கமாக நிறுத்தி, அதன் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டில் ஜெனரேட்டரை மாட்டினேன். தண்டுக்கு மேல் மூடி. மூடி இல்லாமல் ஓட்டினால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். கொட்டகைச் சுவரில் ஒரு பெரிய கைப்பிடி இருக்கிறது. மேலே தள்ளினால் லைன் கரண்ட். கீழே தள்ளினால் ஜெனரேட்டர் கரண்ட். நடுவில் இரண்டும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் சேரும்படி அதை யாராலும் தள்ள முடியாது. இதற்கு ஒரு சான்றிதழ் உண்டு, அதன் நகலைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் காலையில் லைன் வேலைக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். எங்கள் வாசலில் இருக்கும் கம்பத்தில்தான் ஏற வேண்டும். டிராக்டர் ஓடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, லைனிலிருந்து கொட்டகையைப் பிரித்துவிட்டீர்களா என்று கேட்டாள்.

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ரப்பர் அங்கி போட்டிருந்தேன், அதில் பையே கிடையாது. வெறும் மார்பைத் தட்டிக்கொண்டு நின்றேன். நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. நேராகப் போய்க் கைப்பிடியைப் பார்த்தாள், அதன் துளையில் தன்னுடைய சிவப்புப் பூட்டைப் போட்டாள், தன் போட்டோ ஒட்டிய அட்டையை அதில் தொங்கவிட்டாள், சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "உங்களை நம்பாமல் இல்லை. எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்வோம்," என்று சிரித்துவிட்டுக் கம்பத்தில் ஏறினாள்.

நான் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். நாற்பதை நெருங்கும் ஆம்பளை, சாணியில் நின்றுகொண்டு. அவள் பத்திரமாக இறங்கிப் போகும்வரை அந்தப் பக்கம் வரவில்லை.

2

எங்கள் வீட்டில் டிராக்டரும் டைனமோவும் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். உழவுக்கு வாங்கிய டிராக்டருக்கு அப்பா கூடவே ஒரு பழைய டைனமோவையும் பிடித்துப் போட்டார். ஊர் வேதக்கோயில் திருவிழாவில் சப்பரம் சுற்றி வரும்போது அதற்குப் பின்னால் எங்கள் டிராக்டர்தான் விளக்குகளுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டு ஊர்ந்து வரும். முன்னால் புனிதர் வருகிறார், பின்னால் நம்ம டிராக்டர் வருகிறது என்று அப்பாவுக்கு ஒரு பெருமை.

கரண்ட் போன நாட்களில் அதே டைனமோவை வீட்டுக்கும் மாட்டுவோம். அதற்கு எங்கள் பக்கத்தில் எல்லோரிடமும் ஒரு ஒயர் இருந்தது. இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர். ரெண்டு தலை ஒயர் என்போம். ஒரு தலை டைனமோவில், இன்னொரு தலை கூடத்து பிளக்கில். அவ்வளவுதான், வீடு முழுக்க வெளிச்சம். ஆனால் வீட்டுக்குள் விட்ட கரண்ட் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்கும் போய்விடும். அதைத் தடுக்க, மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பீங்கான் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வேறு யாரும் தெரியாமல் திரும்பச் சொருகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் பை. கம்பத்தில் ஏறுபவர் கேட்டால் பையைத் தட்டிக் காட்டுவோம். அதை நம்பி அவர் ஏறுவார். பூட்டு, அட்டை, போட்டோ எல்லாமே எங்களுக்கு அந்தப் பைதான்.

இன்னொன்றும் இருந்தது, எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் வரும் மூன்று பேஸ் கம்பியில் எப்போதும் ஏதாவது ஒன்றில் கரண்ட் இருக்காது. அதனால் அடுப்படிக் கதவோரம் பேஸ் மாற்ற ஒரு குமிழ். ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டிருக்கும். விளக்கு மங்கினால், மிக்ஸி முனகினால், அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுத்த நம்பருக்குத் திருப்புவார். ஒரு நாளைக்குப் பத்து முறையாவது திருப்புவார். கொசுவை விரட்டுவதுபோல, யோசிக்காமல் செய்கிற வேலை.

3

தங்கையின் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு நிலக்கோட்டை, பூ வியாபாரம். மத்தியானம் வருகிறார்கள். இரண்டு நாள் முன்பு அடித்த காற்றில் தென்னை ஒன்று லைன் மேல் சாய்ந்து, எங்கள் தெருவுக்குக் கரண்ட் இல்லை. "மாப்ள வீட்டுக்காரக வாரப்ப காத்தாடி கூட ஓடலைன்னா என்ன நெனப்பாக," என்று அப்பா விடியும் முன்பே கரண்ட் ஆபீசுக்குப் போய் நின்று ராசு அண்ணனைக் கையோடு கூட்டி வந்தார்.

ராசு அண்ணன் எங்கள் ஊர்க் கீழத்தெருக்காரர். மின்வாரியத்தில் ஒப்பந்தக் கூலி. பெயர்தான் கூலி, சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்பத்தில் எந்த ஜம்பர் கம்பி தளர்ந்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். ஏற்கெனவே வேறொரு ஊரில் வேலை சொல்லியிருந்தார்கள். அப்பா கெஞ்சியதற்காக எங்கள் தெருவுக்கு முதலில் வந்தார். டிரான்ஸ்பார்மரில் நிறுத்திவிட்டு, மரத்தை வெட்டித் தள்ளிவிட்டு, எங்கள் வாசல் கம்பத்தில் ஏற வேண்டிய வேலை மட்டும் பாக்கி.

அப்பாவுக்கு அதற்குள் பொறுமை போய்விட்டது. "கிரைண்டர் ஓடணும்டா. அவன் முடிக்கிறதுக்குள்ள பொழுது போயிரும். டைனமோவ மாட்டு," என்றார். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவன். இங்கே கொட்டகைச் சுவரில் இருக்கிறதே, அந்தக் கைப்பிடியின் படத்தைப் பரீட்சையில் ஸ்கேல் வைத்து வரைந்தவன். நம்ம வீட்டுக்கும் அப்படி ஒன்று வாங்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. படிப்பு வேறு, வீடு வேறு என்று எப்படியோ ஒரு எண்ணம்.

குமிழ் ஒன்றில் இருந்தது. அதனால் ஒன்றாம் பேஸின் பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டேன். மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. எல்லோரும் அப்படித்தான் செய்வோம், எரிகிற பேஸை மட்டும் பிடுங்குவோம். ரெண்டு தலை ஒயரைச் சொருகிவிட்டு டிராக்டரைக் கிளப்பினேன். சத்தம் கேட்டு ராசு அண்ணன் கயிற்றைத் தோளில் போட்டபடி எங்கள் கேட்டுக்கு வந்தார்.

"தம்பி, பீஸ் கட்டையப் புடுங்கிட்டிகளா?"

"பையில இருக்குண்ணே," என்று தட்டிக் காட்டினேன்.

"செத்த நேரம் பொறுத்தா நானே குடுத்துருவேன். உங்கய்யா எங்க கேக்குறாரு." சிரித்தார். வெற்றிலை போட்ட வாய். என் தோளைத் தட்டிவிட்டுப் போய் ஏறினார். கம்பியில் டெஸ்டர் வைத்துப் பார்த்ததையும் பார்த்தேன். அப்போது கரண்ட் இல்லை.

கிரைண்டர், நாலு காத்தாடி, டியூப் லைட்டெல்லாம் சேர்ந்ததும் டைனமோ திணறியிருக்கிறது. அடுப்படியில் கிரைண்டர் மெதுவாகியிருக்கிறது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு குமிழை இரண்டுக்குத் திருப்பியிருக்கிறார். இரண்டாம் பேஸின் கட்டை அதன் இடத்தில் இருந்தது. எங்கள் டைனமோ கரண்ட் அதன் வழியாகக் கம்பிக்குப் போனது.

எனக்குத் தெரிந்ததெல்லாம், டிராக்டர் திடீரென்று முக்கியது. கிரைண்டர் லோடு என்று நினைத்துக் கை திராட்டிலை இழுத்து வேகத்தைக் கூட்டினேன். பக்கத்து வீடுகளில் பல்பு எரிந்தது. "கரண்ட் வந்துருச்சு, கரண்ட் வந்துருச்சு" என்று பிள்ளைகள் கத்தின. நானும் சிரித்தேன். அப்புறம்தான் விழுந்த சத்தம்.

டிராக்டரை அணைத்துவிட்டு முதலில் வீட்டுக்குள்தான் ஓடினேன். அவரைக் கிடத்த ஒரு கட்டில் எடுக்க என்று அப்போதே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குமிழ் இரண்டில் இருந்தது. அம்மா தேங்காய் ஒட்டிய கையோடு, "என்னப்பா சத்தம்?" என்றார். நான் குமிழை ஒன்றுக்குத் திருப்பினேன். ரெண்டு தலை ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன். அதன் பிறகுதான் ராசு அண்ணனைத் தூக்கப் போனேன்.

எங்கள் டிராக்டரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

4

தங்கச்சி நிச்சயத்தைத் தள்ளி வைத்து அடுத்த வாரம் நடத்தினோம். காத்தாடியெல்லாம் நன்றாக ஓடியது.

ஆபீஸ் தாளில் டிரான்ஸ்பார்மர் நிறுத்தப்பட்டுத்தான் இருந்தது, சப்ளை கொடுக்கவே இல்லை, இறந்தவரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். தெருவில் விளக்கு எரிந்ததைப் பார்த்த பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை. ஊர் தனக்கு வசதியாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டது: குடித்துவிட்டு ஏறியிருப்பான். கீழத்தெருக்காரன் என்றால் குடித்துத்தான் இருப்பான் என்பதில் எங்கள் ஊருக்கு என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை. சாராய வாடை அடித்தது என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். அடுத்த நாள் அதையே நாலு பேர் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்று டீ குடித்தேன்.

பதினாறாம் நாள் கழிந்ததும் அவர் மனைவி பஞ்சவர்ணம் எங்கள் கேட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"தம்பி, கடைசியா அவுகளோட பேசுனது நீங்கதானாமே. கிட்ட நின்னுதான பேசுனீக? வாடை அடிச்சுச்சா? அத மட்டும் சொல்லுங்க. எம் பிள்ளைய ஸ்கூல்ல குடிகாரன் மகன்னு கூப்புடுறாக."

"நான் கிட்டப் போகலக்கா," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "சரி தம்பி," என்று போய்விட்டார். அம்மா மேல் பழி வந்துவிடும் என்ற பயம் என்று வருடக்கணக்காக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாடை அடிக்கவில்லை என்று சொன்னால் அம்மா மேல் என்ன பழி வந்திருக்கும்? ஒன்றுமில்லை. வாயைத் திறந்தால் எங்கே போய் நிற்குமோ என்று பயந்தேன். என்னை நினைத்துத்தான் பயந்தேன்.

அடுத்த வருடமே மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டேன். அங்கிருந்து இங்கே.

5

இங்கே குடியுரிமைக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் நன்னடத்தை என்று ஒரு பகுதி. உங்கள் மேல் வழக்கு உண்டா, தண்டனை உண்டா, விசாரணை உண்டா? இல்லை, இல்லை, இல்லை. மூன்றும் உண்மை. பேனாவை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதனைக் கொன்றுவிட்டு அவன் பெயரையும் கெடுத்தவனுக்கு டிக் போட அதில் ஒரு கட்டம் கூட இல்லை. உறுதிமொழி எடுத்த அன்று கைகுலுக்கி ஒரு செடி கொடுத்தார்கள். அது செழித்து வளர்ந்து நிற்கிறது.

ஒரு முறை இங்கே உள்ள வேதக்கோயிலில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் செய்து பார்த்தேன். ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும். பேஸ், குமிழ், பீஸ் கட்டை, கீழத்தெரு, வாடை. இதையெல்லாம் எந்த ஆங்கிலத்தில் சொல்ல? வயதான சாமியார், காது மந்தம். நான் ஏதோ மெஷினைச் சரியாகப் பராமரிக்காமல் விட்டுவிட்டேன் என்று எடுத்துக்கொண்டு, இனிமேல் கவனமாக இருக்கச் சொல்லி, 'அருள்நிறை மரியே' ஜெபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றையும் தமிழில் சொன்னேன்.

மகளுக்குப் பதினொரு வயது. பனி விழுந்த அன்று, "அப்பா, கரண்ட் செத்துருச்சு," என்றாள். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் பேசுவாள், நான் திருத்தாமல் விட்டுவிடுவேன். அன்று மட்டும், "அப்படிச் சொல்லாதே, கரண்ட் சாகாது," என்று கத்திவிட்டேன். அவள் பயந்து போய், பிறகு என்னிடம் ஆங்கிலத்திலேயே பேச ஆரம்பித்துவிட்டாள். இந்தக் கதையை அவளுக்குச் சொல்ல நினைத்தாலும் என்னிடம் இருக்கும் சொற்கள் அவளிடம் இல்லை.

6

பனி முடிந்து பத்து நாளில் தம்பி சேவியர் கூப்பிட்டான். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை நான்தான் கூப்பிடுவேன். வெளிநாட்டுப் போன் என்றால் ஸ்பீக்கரைப் போட்டு டிவி மேல் வைத்து வீடே கேட்பது எங்கள் வீட்டு வழக்கம். இது வாரநாள். அதனால் அவன் மட்டும்தான் என்று நினைத்தேன்.

"அண்ணே, இங்க பவர்கட்டு தாங்கலண்ணே. எப்ப வருது, எப்ப போகுதுன்னே தெரியல. அப்பாவோட டைனமோவத் தூசி தட்டி எடுத்துட்டேன். எப்புடி மாட்டுறது?"

சொன்னேன். எனக்குத் தெரிந்த அத்தனையும் சொன்னேன். டிராக்டரை வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்து. தண்டுக்கு மூடி போடாமல் பக்கத்தில் போகாதே, வேட்டியோடு போகவே போகாதே. டைனமோவுக்குத் தனி எர்த் அடி. இன்ஜின் வேகம் நின்று வோல்ட் சரியாகக் காட்டிய பிறகுதான் லோடு கொடு. முக்கியமாக, திண்டுக்கல்லில் லைனையும் டைனமோவையும் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வாங்கி, லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வைத்து, ஆபீசிலும் சொல்லிவிட்டு மாட்டு.

"எதுக்குண்ணே அம்புட்டு வேலை? ரெண்டு தலை ஒயரு பரண்ல கெடக்கு. பீஸ் கட்டையப் புடுங்கிப் பையில போட்டா முடிஞ்சுச்சு."

"அந்த ஒயரைத் தொடாதடா."

"ஏன்ணே? நம்ம காலமெல்லாம் அப்புடித்தான ஓட்டுனோம்?"

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பதினேழு வருடமாக நெஞ்சில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது. "பையில கட்டை இருந்தப்பதான்டா ராசு அண்ணன் செத்தாரு," என்று ஆரம்பித்தேன். டிராக்டர் முக்கியதை, நான் வேகம் கூட்டியதை, குமிழ் இரண்டில் இருந்ததை, அதை நான் திருப்பி வைத்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். கிரைண்டர் மெதுவானதும் அம்மா அதைத் திருப்பியதைச் சொன்னேன். "அம்மாவுக்குத் தெரியாதுடா. தெரியவே கூடாது," என்றேன்.

 பிறகு சேவியர் மெதுவாக, "அண்ணே," என்றான். "ரெண்டு கையிலயும் ஒயரு வச்சிருந்தேன்ணே. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

தூரத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நானாப்பா திருப்புனேன்?"

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கிரைண்டர் மெதுவா ஓடுச்சு. அதான் திருப்புனேன்." வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளை சொல்வதுபோல இருந்தது. கொஞ்சம் கழித்து, "ராசுக்குன்னு அன்னைக்குத் தனியாச் சோறு எடுத்து மூடி வச்சிருந்தேன்," என்றார். 

7

சேவியர் சேஞ்ச் ஓவர் மாட்டிவிட்டான். ஒயர்மேன் வந்து அந்தக் குமிழையும் கழற்றிவிட்டாராம். ரெண்டு தலை ஒயரை நறுக்கி எறிந்துவிட்டதாகச் சொன்னான். எங்கள் வீடு இப்போது இங்கே உள்ள கொட்டகையைப் போலப் பத்திரமாக இருக்கிறது. அம்மா மட்டும் எந்த சுவிட்சையும் தொடுவதில்லை. கரண்ட் இருக்கும்போதும், யாராவது வந்து போடும்வரை இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை போனுக்கு வருவதில்லை. சொல்லாமல் இருந்து ஒரு குடும்பத்தைக் கெடுத்தேன். சொல்லி என் தாயைக் கெடுத்தேன். பனி விழாமல் இருந்திருக்கலாம் என்று சில நாள் நினைக்கிறேன். சில நாள் நான் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

போன வாரம் அம்மா யாரிடமும் சொல்லாமல் கீழத்தெருவுக்கு நடந்து போயிருக்கிறார். பஞ்சவர்ணத்தின் வீட்டில் யாரோ ஆடு கட்டியிருந்தார்களாம். மகனைக் கூட்டிக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்ப் பல வருடம் ஆகிறது, விலாசம் தெரியாது என்று தெருவில் சொல்லியிருக்கிறார்கள். அம்மா அந்த வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தாராம். இதைச் சொல்லிவிட்டு சேவியர், "இனிமே என்னண்ணே பண்ண முடியும்?" என்றான்.

 ஊருக்குப் போகிற பத்திரிகையில் எழுத மட்டும்தான் முடிகிறது. திருப்பூர்ப் பக்கம் யாருக்காவது பஞ்சவர்ணத்தைத் தெரிந்திருந்தால் இந்தக் கடைசி வரியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை, அதற்கு எனக்கு முகமில்லை. பதினேழு வருடத்துக்கு முன்னால் எங்கள் கேட்டில் நின்று அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அக்கா, நான் கிட்டத்தான் நின்றேன். வாடை அடிக்கவில்லை.